நிறம் மாறிய பொத்தான்

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். ஊட்டி ஸ்தேவான் ஆலயம். 1829-இல் அடிக்கல் நாட்டியது. புல்லில் உறைபனி இன்னும் கரையவில்லை.

வாசலோரம் ஒரு முதியவர் வெறும் சட்டையோடு, கைகளை அக்குளில் இடுக்கியபடி நடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார் ஐயா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பின்னால் வந்த, தேயிலை பறிக்கும் அக்கா எதுவும் சொல்லவில்லை. தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார்.

கடைசிப் பொத்தான் மட்டும் வெள்ளை. ஏதோ பழைய சட்டையிலிருந்து எடுத்துத் தைத்தது. அதையும் பொறுமையாக மாட்டிவிட்டு, "டீ குடிக்கலாம், வாருங்கள் அப்பா" என்றார்.

குளிரில் நிற்பவரைக் குளிர்காயச் சொல்லி, வெறுங்கையோடு அனுப்பும் விசுவாசம் செத்தது என்கிறார் பைபிளில் யாக்கோபு. எத்தனை முறை வாசித்திருப்பேன்!

ஓடிப்போய் என் சால்வையை அக்காவின் தோளில் போட்டேன்.