கோலாலம்பூர்: எந்த நேரத்துக்கு எந்தக் கடை

கோலாலம்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவும் முதலில் கேட்பது, "இங்க நல்ல சாப்பாட்டுக் கடை எது?" மணியைச் சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. காலை எட்டு மணிக்கு மொறுமொறுவென்று ரொட்டி போடும் கடையில் மதியம் மூன்று மணிக்குப் போனால் அடுக்கி வைத்த ஆறிப்போன ரொட்டிதான் வரும். பகல் ஒரு மணிக்கு வாசல்வரை ஆள் நிற்கும் இலைச்சாப்பாட்டுக் கடையில் நாலு மணிக்குச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். பேர்பெற்ற கடையைத் தேடி ஓடுவதைவிட நேரம் பார்த்துப் போவது மேல்.

காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்டால் காலை உணவு முடிந்ததா என்று பொருள். பசியாற எளிய வழி மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவகம். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கான மாவை முன்கூட்டியே பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊற வைத்துவிடுவார்கள். வீசி மடித்துக் கல்லில் போடுவது மட்டும்தான் கேட்டபிறகு நடக்கும். ஆகவே உட்காரும் முன் கல்லைப் பாருங்கள். ரொட்டி போடுபவர் அங்கே நின்று வீசிக்கொண்டிருந்தால் சொல்லலாம், கல் காலியாக இருந்தால் தோசைக்கு மாறிவிடுங்கள். வெறும் ரொட்டிக்கு 'கோசோங்', முட்டைக்கு 'தெலூர்', வெங்காயத்துக்கு 'பாவாங்', மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் 'காரிங்' என்று சொன்னால் போதும். பல கடைகளில் தமிழே செல்லும், "அண்ணே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஆனால் இப்போது பரிமாறும் தம்பிகளில் வங்கதேசத்தவரும் இந்தோனேசியரும் நிறைய. அவர்களிடம் இந்த மலாய்ச் சொற்கள்தான் எடுபடும்.

தேநீரில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். தே தாரிக்கில், அதாவது நுரை வர ஆற்றிய பால் தேநீரில், பெரும்பாலும் சர்க்கரையைத் தனியாகப் போடுவதில்லை. இனிப்பான டின்பாலே பாலும் சர்க்கரையும். அதனால் 'குராங் மானிஸ்', அதாவது இனிப்பைக் குறை, என்றால் அவர் குறைப்பது அந்தப் பாலைத்தான். தேநீர் நீர்த்துப்போனதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குத் 'தே சி கோசோங்' கேளுங்கள்: இனிப்புச் சேராத டின்பால், சர்க்கரை கிடையாது. 'தே ஓ' என்பது பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை இருக்கும். அதற்கும் கோசோங் சேர்த்துச் சொன்னால்தான் சர்க்கரை போகும். ஊர்ச்சுவையில் பசும்பால் தேநீர் வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உள்ள இந்தியர் கடைகளில் 'சூசு லெம்பு' என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்கும் காசு உண்டு, சில்லறைதான். சண்டை போடாதீர்கள்.

மதியத்துக்கு இலைச்சாப்பாடு. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி, மோனோரயில் நிலையம் இருக்கும் பக்கமாக வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை. 2010-இல் லிட்டில் இந்தியா என்று அலங்கார வளைவு வைத்துத் திறந்த பிரிக்பீல்ட்ஸ் இதுதான். பூமாலையும் புடவையும் சத்தமான பாட்டும் பெரிய சாலையில் இருக்கும், சாப்பாட்டுக்கு உட்தெருக்கள் நல்லவை. ஸ்காட் சாலையில் கந்தசாமி கோயில் பக்கம் நடந்து பாருங்கள். அங்கிருந்து எல்ஆர்டி நகர ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கினால், செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய லெபோ அம்பாங் நடக்கும் தூரம். பங்சாரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள கடைகளுக்குச் சீனரும் மலாய்க்காரரும் இலை போட்டுச் சாப்பிட வருவார்கள். அங்கே வார இறுதியில் இடம் பிடிப்பதே பெரும்பாடு.

இலை போட்டதும் சோறு, மூன்று வகைக் காய், அப்பளம், ரசம், மோர் வந்துவிடும். இவையெல்லாம் ஒரே விலைக்குள் அடக்கம், மறுசோறும் உண்டு. பில் ஏறுவது தட்டில்தான். ஆட்டிறைச்சிப் பிரட்டல், வறுத்த மீன், கணவாய், கோழி என்று தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டு ஒருவர் மேசைக்கு வருவார். உபசரிப்பு என்று நினைத்து ஆளுக்கொன்றாக எடுத்தால் நாலு பேருக்கு நாலு தட்டும் தனிக்கணக்கு. ஒரு பிரட்டல், ஒரு மீன் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் தாராளம். மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய் சில கடைகளில் காயோடு சேர்த்தி, சிலவற்றில் தனி விலை, கேட்டுவிடுங்கள். இன்னொன்று, குழம்புகளை ஒரே தூக்கில் வரிசையாக மாட்டி எடுத்து வருவார்கள். பருப்புக்குப் பக்கத்திலேயே மீன்குழம்பும் கோழிக்குழம்பும் இருக்கும். சைவக்காரர்கள் இலை போடும்போதே "சைவம்" என்று சொல்லிவிட வேண்டும். கரண்டி இறங்கியபிறகு சொல்லிப் பயனில்லை.

வெள்ளிக்கிழமைகளிலும் புரட்டாசி மாதம் முழுக்கவும் சைவக் கடைகளில் கூட்டம் தாங்காது. பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். அதே வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில், சுமார் பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை, பல முஸ்லிம் கடைகளில் கதவு சாத்தியிருக்கும்.

நாசி கண்டார் இரவுக்கு ஏற்றது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு சுமந்து விற்ற சாப்பாடு, இங்கே இருபத்துநாலு மணி நேரக் கடைகளாக நிற்கிறது. சோற்றுத் தட்டைப் பிடித்தபடி ஆள் காத்திருப்பார், நீங்கள் கண்ணாடிக்குள் விரலைக் காட்ட வேண்டும். கோழி, வெண்டைக்காய், அவித்த முட்டை காட்டினால் பயமில்லை. பெரிய இறால், மீன்முட்டை, கணவாய், மீன்தலை இவற்றுக்கு மட்டும் தட்டில் விழும் முன் விலை கேளுங்கள். பில்லில் திகைப்பவர்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைக் கேட்காமல் எடுத்தவர்கள்தான். கடைசியில் 'குவா சம்போர்' என்று மூன்று நாலு குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். ருசியே அதில்தான். ஆனால் அந்தக் கலவையில் மாட்டிறைச்சிக் குழம்பும் சேரும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கரண்டி எடுக்கும் முன் "குவா டாகிங் ஜாங்கான்", அதாவது மாட்டிறைச்சிக் குழம்பு வேண்டாம், என்று சொல்லிவிட வேண்டும். இங்கே பட்டியலில் டாகிங் என்று இருந்தால் பொதுவாக மாடுதான். முர்தபா, பர்கர், சாத்தே எதற்கும் இதே கணக்கு.

சுத்த சைவர்களுக்கு மாமாக் கடையில் கவனிக்க வேண்டியது தால்ச்சா. பார்வைக்குச் சாம்பார் மாதிரி இருக்கும், ஆட்டெலும்பு போட்டுக் கொதிக்க வைத்த பருப்பு அது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் (புளிக்க வைத்த இறால் விழுது) இருக்கும். கீரை வறுவல் பச்சையாகத் தெரிந்தாலும் பெலாச்சானில் தாளித்ததாக இருக்கலாம். அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீன்தான். ரோஜாக் என்ற பழக் கலவையில்கூட இறால் விழுது உண்டு. 'முட்டை, மீன், இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் பெலாச்சான் தப்பித்துவிடும், அதைப் பெயர் சொல்லியே விலக்க வேண்டும். பௌத்த சீனர் சைவக் கடைகள் இந்த வகையில் நம்பகமானவை, பல இடங்களில் வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸைச் சேர்ந்த அன்னலட்சுமி, வேண்டியதைச் சாப்பிட்டு மனதுக்குப் பட்டதைக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பேர்போனது. பத்துமலைக்குப் போனால் 272 படி ஏறி இறங்கிய பின் அடிவாரத்திலேயே தோசை, இலைச்சாப்பாடு கிடைக்கும். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகப் போகிறது.

ஜாலான் அலோரின் சீனத்தெருவும் கம்போங் பாருவின் மலாய்ச் சாப்பாடும் பார்க்க வேண்டியவைதான். பெரியவர்களை அழைத்துப் போவதென்றால் அவர்கள் வயிற்றை இலைச்சாப்பாட்டில் நிரப்பிவிட்டுப் போவது உத்தமம்.

பில் வந்ததும் இரண்டு வரி பாருங்கள். ஆண்டு விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் உணவகங்கள் 6 விழுக்காடு சேவை வரி போடும், அது சட்டப்படி. பெரிய உணவகங்கள் அதற்குமேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேர்க்கும், அது கடையின் கணக்கு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. சாதாரணக் கடையில் மேசையிலிருந்து கைகாட்டிக் காத்திருக்காமல், எழுந்து போய்க் கல்லாவில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொன்னால் கணக்குப் போட்டுவிடுவார்கள். கைப்பேசியில் பணம் கட்டும் டச் அண்ட் கோ வாலட் இருந்தால் அங்காடிக் கடையிலும் கியூஆர் அடித்துக் கட்டலாம். வாலட் இல்லாத விருந்தினர் கையில் 1, 5, 10 ரிங்கிட் தாள்கள் இருக்கட்டும்.

பயணத் தேதி குறிக்கும் முன் நாள்காட்டியையும் பாருங்கள். தீபாவளியை ஒட்டி இந்தியர் கடைகளும், சீனப் புத்தாண்டில் சீனர் கடைகளும், ஹரி ராயாவில் மலாய்க்காரர் கடைகளும் நாள்கணக்கில் அடைத்திருக்கும். நோன்பு மாதத்தில் பல மலாய்க் கடைகள் பகலில் திறக்காது, ஆனால் பிற்பகல் நாலு மணிவாக்கில் தெருவோரம் பசார் ரமலான் என்ற உணவுச் சந்தை களைகட்டும். பொட்டலம் கட்டி வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.