ஏற்காட்டு மூடுபனியைக்கூட தாங்காத போன்

70,000 ரூபாய்க்கு மேல குடுத்து வாங்குன போனுங்க. ஏற்காட்டுல லேடீஸ் சீட்ங்கிற மலைக்காட்சி முனையில நின்னு ராத்திரி வெளிச்சத்துல சேலத்தைப் படம் புடிச்சா, எல்லாமே கலங்கலா இருக்கு. கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி! மழையில நனையல, தண்ணியில விழல, வெறும் மூடுபனி.

சர்வீஸ் சென்டர்ல, "உள்ள ஈரம் போயிருக்கு, வாரண்டில வராதுங்க"ன்னுட்டாங்க. மனசே ஆறல. இந்த போனுக்கு ஐபி68ன்னு தண்ணி, தூசி தாங்குற தரம் போட்டிருக்கு. அப்படின்னா ஒரு மீட்டருக்கு மேல ஆழத்துல நல்ல தண்ணியில மூழ்குனாலும் தாங்கணும். அதைப் பெருசா விளம்பரம் பண்ணி வித்துட்டு, ஈரத்துக்கு வாரண்டி இல்லன்னு பொடி எழுத்துல போடுறது அநியாயம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் குடுத்திருக்கேன். சரியான பதில் வரலைன்னா சேலம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போறேன். 5 லட்சம் வரைக்கும் விலையுள்ள பொருளுக்கு அங்க மனுக் கட்டணம் கிடையாது. இப்படி வழக்கு நடத்துனவங்க யாராச்சும் இருந்தா, என்னென்ன காகிதம் வேணும்னு சொல்லுங்க.