சோக் இல்லாத பிக்கப்

2024 மார்ச் 9, சனி. ஃபோர்ட் வொர்த்

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் விடும் கார்பரேட்டரைக் கழற்றியாயிற்று. இனி பின்வாங்க வழியில்லை.

வண்டி 1979 ஃபோர்டு எஃப்-150. எஞ்சின் 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். 1965 முதல் 1996 வரை இந்த எஞ்சினைச் செய்தார்கள். டிராக்டர் மாதிரி இழுக்கும், டிராக்டர் மாதிரியே அவசரப்படாது. குறை கார்பரேட்டரில்தான். பந்தி நடுவில் நின்றபடியே பரிமாறுகிறவரைப் போல, பக்கத்து இலைக்குத் தாராளம், ஓரத்தில் இருக்கும் 1-ஆம், 6-ஆம் சிலிண்டருக்கு எட்டினால் உண்டு. போதாததற்கு 45 வருட கேஸ்கெட். டெக்சாஸ் வெயிலில் கடைக்குள் பத்து நிமிடம் போய்வந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

1987-இல் இதே எஞ்சினுக்கு இன்ஜெக்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குத் திறந்து பெட்ரோல் பீய்ச்சும் வால்வு, வந்துவிட்டது. பழைய வண்டிகள் உடைக்கும் யார்டில் அப்படி ஒன்றிலிருந்து மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்), ஆறு இன்ஜெக்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கைப் பங்கிடுவது), வெப்ப சென்சார் இரண்டு கழற்றி வந்தேன். அந்த வண்டியின் கம்ப்யூட்டரையும் எடுத்திருக்கலாம். ஆனால் அது பூட்டிய பெட்டி, உள்ளே என்ன கணக்குப் போடுகிறது என்று பார்க்க விடாது. எனக்குப் பார்க்க வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

நான் செய்வது ஸ்பீடுயினோ, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரை நாமே கட்டிக்கொள்ளும் திறந்த வடிவமைப்பு. பள்ளிப் பிள்ளைகள் விளக்கு மினுக்கப் பயன்படுத்தும் அதே ஆர்டுயினோ மெகா 2560-தான் மூளை. 8 பிட், 16 மெகாஹெர்ட்ஸ். கேட்டால் சிரிப்பு வரும். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினாலும் ஒரு சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுக்கு, 40 மில்லிசெகண்ட் இருக்கிறது. சில்லுக்கு அது ஒரு யுகம்.

மூன்று இரவு சால்டரிங். ஒரு டயோடைத் திருப்பிப் போட்டு, மறுபடி எடுத்து, போர்டில் ஒரு செப்புத் தடம் பெயர்ந்து, மேலே ஒரு கம்பி இழுத்துப் பாலம் கட்டினேன். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது.

மார்ச் 30, சனி

பழைய பம்ப் தரும் அழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐ. இன்ஜெக்டருக்கு நாற்பதுக்கு மேல் வேண்டும். மின்சார பம்ப், புதுக் குழாய், மிஞ்சியது டேங்குக்குத் திரும்ப இன்னொரு குழாய். இந்த மொத்த வேலையில் அதிக நாள் தின்றது இதுதான், எழுத எதுவுமில்லாததும் இதுதான். பெட்ரோல் வாசனை குளித்தாலும் போகவில்லை.

இரவு கணக்கு. ஒரு சிலிண்டர் 0.82 லிட்டர். முழுக்க நிரம்பினால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான காற்று. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, ஆக 14.7-ஆல் வகுத்தால் 67 மில்லிகிராம் பெட்ரோல். என் இன்ஜெக்டர் மணிக்கு 19 பவுண்டு ஊற்றும், ஆக 28 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். ஆனால் சிலிண்டர் எப்போதும் முழுக்க நிரம்பாது. எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பதற்குத்தான் ஸ்பீடுயினோவில் 16-க்கு 16 கட்ட அட்டவணை. 256 கட்டம்.

ஏப்ரல் 6, சனி

ஓடியது!

இப்போதைக்கு பெட்ரோல் மட்டும் என் போர்டின் பொறுப்பு. அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் இதற்கு ஒரு வசதி: ஸ்பார்க் நேரம் சொல்லும் ஒயரைப் பிடுங்கி வைத்தால் அது பாட்டுக்கு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்பே அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தப்புப் பண்ண வேண்டாம் என்று அப்படியே விட்டேன்.

ஆனால் கரும்புகை. ஆக்சிஜன் சென்சார் காற்று-பெட்ரோல் விகிதம் 10 என்கிறது, பெட்ரோல் மிக அதிகம். அதற்குக் கீழே அதற்குக் காட்டத் தெரியாது. அட்டவணையில் எண்களைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும்போது, 28 சதவீதத்துக்கு வந்த பிறகுதான் மூச்சு சீரானது. 45 பக்கம் இருக்க வேண்டிய இடம். ஏதோ உறுத்தியது, ஆனாலும் ஓடுகிறதே என்று கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் 8, திங்கள்

முழுச் சூரிய கிரகணம். தெருவே கண்ணாடி போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தது. நான் அந்த இரண்டரை நிமிடம் மட்டும் வெளியே வந்தேன், மற்றபடி பானெட்டுக்கு அடியில்.

சேலத்தில் மாமாவுக்கு அது நடுராத்திரி. தூக்கம் வராமல் அவராகவே வீடியோவில் வந்தார். நாற்பது வருடம் அம்பாசடர் டாக்சிகளோடு மல்லுக்கட்டியவர். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னார். கரி.

"சோக்கை இழுத்து வுட்டுட்டு மறந்துட்டியா மாப்ளே?"

"இதுல சோக்கே கெடையாது மாமா." குளிரில் ஸ்டார்ட் ஆக கார்பரேட்டரில் பெட்ரோல் பங்கைக் கூட்டும் பிடிதான் சோக்.

"அப்ப வண்டி அப்படி நெனச்சிக்கிட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

சூடாகி அரை மணி ஓடிய எஞ்சின். லேப்டாப்பில் தண்ணீர் வெப்பம் 25 டிகிரி. இரண்டு நாளாகக் கண் முன்னால் இருந்த எண்தான். இப்போதுதான் ஆரம்பித்தது, சூடேறவில்லை போல என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

மிச்சமிருந்த சென்சாரைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். ஐஸ் தண்ணீரில் அதன் மின்தடை 95 கிலோஓம் பக்கம், 20 டிகிரியில் 37, கொதிநீரில் 2. ஃபோர்டு சென்சார் அப்படித்தான். நான் மென்பொருளில் தேர்ந்தெடுத்திருந்தது ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) சென்சார், அது அறை வெப்பத்திலேயே 3 கிலோஓம் கூட வராது. ஆக, காலையில் 20 டிகிரியில் சாவி போட்டால் போர்டுக்கு அது மைனஸ் இருபத்துச் சொச்சம். சைபீரியாவில் நிற்கிறோம் என்று நினைத்துக் குடம் குடமாய் ஊற்றியிருக்கிறது. சூடான பிறகும் குளிர்காலப் பங்கு நிற்கவில்லை. சோக்கேதான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சென்சார் வளைவைத் திருத்தினேன். ஸ்டார்ட் ஆகி, இருமி, நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? பொய்யான வெப்பத்துக்கு ஏற்றபடி நான் அட்டவணையை வெட்டி வைத்திருக்கிறேனே. சனிக்கிழமை முழுதும் செய்த திருத்தங்களை அழித்து, ஆரம்ப அட்டவணைக்குத் திரும்பினேன். ஐடில் 44. புகை இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மாங்காயும் வேப்பம்பூவும் வாங்க இர்விங் வரை ஓட்டினோம். மனைவி மடியில் லேப்டாப், வேலை காற்று-பெட்ரோல் விகிதத்தை வாசிப்பது.

"பதிமூணரை... பதினாலு... ஏங்க, பதினாறுன்னு காட்டுது, நல்லதா கெட்டதா?"

"கெட்டது, பெட்ரோல் பத்தல. கட்டம் எங்க நிக்குது?"

"2200. பக்கத்துல 70." அதாவது 2200 சுற்று, 70 சுமை.

சிக்னலில் நின்று அந்தக் கட்டத்தையும் சுற்றியுள்ள நாலையும் கொஞ்சம் ஏற்றினேன். பின்னால் ஹாரன்.

கடை வாசலில் அணைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தோம். வெயில் கொளுத்தியது. சாவியைத் திருப்புவதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

வேப்பம்பூ கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஸ்பார்க் ஒயரைச் செருக வேண்டும்.