மாமியும் கரம் பவுடரும்

மாரி மழை தொடங்கியதும் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குசினிக்குள் எறும்பு குடியேறிவிடும். தலையும் நெஞ்சும் கறுப்பு. வயிறும் காலும் வெளிறிப்போய் இருப்பதால் வெள்ளைத் தரையில் கண்ணுக்கே தெரியாது. நசித்து மணந்தால் கெட்டுப்போன தேங்காய் மணம். தபினோமா மெலனோசெபலம் என்று பெயர்; மெலனோசெபலம் என்றால் கருந்தலையாம்.

போன வருடம் ஸ்பிறே அடித்தேன். இரண்டு நாள் நிம்மதி. அப்புறம் சீனிப்போத்தலடியில் ஒரு வரிசை, ஜன்னலில் இன்னொன்று, குளியலறையில் வேறொன்று. இந்த இனத்தின் கூட்டில் பல ராணிகள் இருக்கும். தொந்தரவு வந்தால் ஒரு ராணியும் கொஞ்ச வேலைக்காரிகளும் முட்டை குஞ்சைத் தூக்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். காசு கொடுத்து எறும்பைப் பெருக்கியிருக்கிறேன்.

இந்த முறை மகன் கரம் பலகையில் தூவும் பவுடரை எடுத்தேன். அது போறிக் அமிலம், எறும்பை மெல்லக் கொல்லும் நஞ்சு (எல்லாப் பவுடரும் அப்படியில்லை, பேணியில் எழுதியிருப்பதைப் பார்க்கவேண்டும்). முதல் நாள் சீனித்தண்ணியில் தாராளமாக இரண்டு கரண்டி போட்டுவிட்டேன். பல எறும்புகள் கிட்ட வந்து விலகிப் போயின. குடித்த சில பக்கத்திலேயே செத்துக் கிடந்தன. எறும்பு குடித்ததை வயிற்றில் சேர்த்துக் கொண்டுபோய்க் கூட்டில் வாயோடு வாய் வைத்துப் பகிரும். ராணியின் வாய்க்குப் போய்ச் சேரும்வரை கொண்டுபோகிறவள் உயிரோடு இருக்கவேண்டுமே!

அடுத்த கலவை: 200 மில்லிலீற்றர் தண்ணீர், 5 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி பவுடர். பஞ்சில் நனைத்து, சோடாப் போத்தல் மூடியில் வைத்து, பிள்ளைகள் கை எட்டாமல் பிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளினேன். ஒரு மணி நேரத்தில் மூடியைச் சுற்றி நெருக்கி நெருக்கித் தலைகள். குடித்தவற்றின் வயிறு உப்பி, டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடி மணிபோல மினுங்கியது.

"என்ன பிள்ளை, எறும்புக்கு விருந்து வைக்கிறியோ?" என்றார் மாமி. மறுநாள் விடிய பினாயில் துணியால் அந்த இடத்தையே துடைத்துவிட்டார். மூடியும் போயிற்று, எறும்பு போட்டு வைத்திருந்த வாசனைத் தடமும் போயிற்று.

சரி, பேசி முடிவு செய்தோம்: ஒரு கிழமைக்கு அந்தப் பக்கம் துணி போகாது, பஞ்சு காயாமல் நான் பார்த்துக்கொள்வேன். நான்காம் நாள் வரிசை மெலிந்தது. ஒன்பதாம் நாள் மூன்று நாலு எறும்பு மட்டும், வழி தவறியவை மாதிரி.

நேற்று மாமி கூப்பிட்டுக் காட்டினார். நெத்தலிக் கருவாட்டுப் பையில் சிவப்பாய் வேறொரு சாதி. பக்கத்தில் சீனித்தண்ணி வைத்தோம், ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது நெத்தலியை இடித்து அதில் பவுடரைக் கலந்துகொண்டிருக்கிறார் மாமி.