பதினைந்தாயிரத்துக்குள் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர்: இதுவரை ஆன வேலை

வண்டி ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 2003 மாடல், கறுப்பு. வாங்கிய விலை போக, மேற்கொண்டு 15,000 ரூபாய்தான் செலவு என்று முதலிலேயே கோடு போட்டுக்கொண்டேன். இன்னொரு கோடு, ஃபிரேமில் வெட்டுவதோ வெல்டிங்கோ கிடையாது. கழற்றுவது, சுத்தம் செய்வது, நல்லதைப் பூட்டுவது, அவ்வளவுதான்.

யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கச் சொல்லாத நண்பர் இல்லை. அதன் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. நல்ல நிலையில் உள்ள வண்டிக்குச் சொல்லும் விலையில் என் வேலையை முழுதாக முடித்து மீதியும் வைக்கலாம். ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜின், 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100-இல் வந்த அதே பரம்பரை. எந்த ஊர் ஸ்பேர்ஸ் கடையிலும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் கை பழகிய இன்ஜின். கையில் காசு குறைவாக இருக்கும்போது இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

வாங்குவதற்கு முன் பார்த்தவை: சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பதிவுச் சான்றான ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, ஃபைனான்ஸ் பாக்கி நீங்கிவிட்டதா, சலான் ஏதும் நிலுவையில் இருக்கிறதா. வண்டி ஓடத் தகுதியானது என்னும் சான்றான எஃப்.சி. 2023-ல் புதுப்பித்து 2028 வரை இருந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இந்த சிசி வண்டிக்கு அடிப்படைக் கட்டணம் 714 ரூபாய், வரி தனி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு என்று வந்துவிட்டது. அதனால் நிறம் கறுப்பே, சீட் இரண்டு பேருக்கே, சைலன்சர் கம்பெனிச் சைலன்சரே. சாரி கார்டைக் கழற்றி எறிவது இப்போது ஒரு ஃபேஷன். பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் விதியே அதைக் கேட்கிறது. அம்மா சேலையோடு உட்காரும் வண்டி இது, அதில் கை வைக்கவில்லை.

முதல் பணம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் போயிற்று. நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்பினேன். சரியாக நேராக வரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்ததுபோல நின்றது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள குண்டு பேரிங்கான கோன் செட் தேய்ந்ததற்கு இதுதான் அடையாளம். வருஷக்கணக்கில் குண்டுகள் ஒரே இடத்தில் இடி வாங்கி அங்கே குழி போட்டுவிடும். வேகத்தில் வண்டி தானாக இழுக்கும், ஓட்டுபவர் டயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், பிரேக் ஷூ, செயின் செட், கேபிள்கள், 2.75-18 அளவில் இரண்டு டயர், ட்யூப், கூலி எல்லாம் சேர்த்து 8,200. பட்ஜெட்டில் பாதிக்கு மேல். இதைச் செய்யாமல் பெயிண்டில் கை வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

அப்புறம் டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செங்கல் நிறம். பெட்ரோலைத் திறந்து மூடும் திருகான ‘காக்’-ஐக் கழற்றியபோது வடிகட்டியில் துரு சேறாக நின்றது. கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வண்டி திணறியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீரில் வாசனை போகும்வரை கழுவி, காக் துளையை ரப்பரால் அடைத்தேன். அரைக் கிலோ எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, வாய் வரை ஊற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் கொஞ்சம் வடித்துவிட்டு, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் கொட்டியது. தண்ணீரில் அலசி, ஆப்ப சோடா கரைத்து ஒருமுறை, மறுபடி தண்ணீர். இதற்குப் பிறகு தாமதிக்கக் கூடாது. ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்திலேயே புதுத் துரு பூக்கும். ஹேர் டிரையரால் உலர்த்தி, கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுச் சுற்றிப் புரட்டி வைத்தேன். இப்போது உள்ளே வெள்ளி நிறத் தகரம் தெரிகிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

வெளியே உப்புத்தாள் தேய்ப்பது, பள்ளத்தை நிரப்பும் பட்டி வைப்பது, பிரைமர், வாட்டர் பேப்பர் வரை நானே செய்தேன். நிறமும் அதன் மேல் பூசும் நிறமற்ற கிளியரும் மட்டும் பெயிண்டரிடம். கடையில் விற்கும் சாதாரண ஸ்ப்ரே டப்பா, பெட்ரோல் சிந்தினால் இளகிவிடும். ஹார்டனர் கலந்த கிளியர்தான் தாங்கும், ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, தகுந்த மாஸ்க் இல்லாமல் வீட்டு வராந்தாவில் அடிக்கும் வேலை இல்லை. பெயிண்டர் அண்ணன் டேங்கைத் தடவிப் பார்த்து, “தம்பி, பட்டியை இன்னும் ஒருவாட்டி இழைச்சுக் கொண்டாங்க, கறுப்பு எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும்” என்றார். கொண்டுபோனேன். டேங்கும் பெயிண்டும் சேர்த்து 2,600.

சீட்டுக்கு 1,500. பழைய தகர அடித்தட்டே, அடியில் கெட்டியான ரீபாண்ட் ஃபோம், மேலே மெல்லிய மிருது ஃபோம், கறுப்பு ரெக்ஸின், குறுக்குத் தையல். முழுக்க மிருதுவாகப் போட்டால் கடையில் உட்கார்ந்து பார்க்கச் சுகமாக இருக்கும், பத்து கிலோமீட்டரில் தகரம் தட்டும்.

ஹெட்லைட்டில் எல்இடி போடவில்லை. இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை, நேராக இன்ஜின் காயிலிலிருந்து ஏசி மின்சாரமாக (மாறுமின்சாரமாக) வருகிறது. அப்படியே எல்இடி மாட்டினால் ஐடிலிங்கில் துடிக்கும். 35 வாட் பல்பே இருக்கட்டும் என்று எர்த் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன், கனெக்டர்களைத் துடைத்தேன். வெளிச்சம் நன்றாகவே கூடியது.

சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர்ஸ் கடையில் ஒரு ஜோடி வட்டக் கண்ணாடி, கிரிப், சைலன்சருக்கு வெப்பம் தாங்கும் கறுப்பு ஸ்ப்ரே, எல்லாம் 900. இன்ஜின் கவரில் தலை சிதைந்த ஸ்க்ரூக்களை, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரால் எடுத்து எம்6 ஸ்டீல் ஆலன் போல்ட் போட்டது 350. மொத்த வண்டியில் குறைந்த காசுக்கு அதிக அழகு தந்தது இதுதான். அலுமினிய மரை என்பதால் நீளக் கைப்பிடி போட்டு இறுக்கக் கூடாது.

மீதி 1,450. பின்சக்கரத்தில் சில ஸ்போக்குகள் துருப்பிடித்திருக்கின்றன, ரிம் லேசாக ஆடுகிறது. அடுத்து ஸ்போக் செட் வாங்கி, பெண்டு எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிளும் பாக்கி.