பத்துக்கு நான்கு

கல்லூரியில் 'இலக்கியமும் திரைப்படமும்' என்ற தாளை நான் நடத்தத் தொடங்கிய முதல் வருடம், உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். பூமணியின் 'வெக்கை' நாவலையும், அதிலிருந்து வெற்றிமாறன் 2019-இல் எடுத்த 'அசுரன்' படத்தையும் ஒப்பிடுக. பத்து மதிப்பெண்.

நான் எதிர்பார்த்தது நடுவில் கோடு போட்ட ஓர் அட்டவணை. நாவலில் பதினைந்து வயதுச் சிதம்பரத்தின் கூடவே கதை போகிறது. படத்தில் அவன் அப்பா சிவசாமிதான் நாயகன். நாவல் எட்டு நாள் தலைமறைவோடு முடிகிறது. படத்தில் பஞ்சமி நிலம் (ஆங்கிலேயர் காலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட நிலம்), செருப்பு, கொளுத்தப்படும் குடிசைகள் என்று நீண்ட முன்கதை உண்டு. இப்படி எழுதியவர்களுக்கெல்லாம் எட்டு, ஒன்பது என்று போட்டுக்கொண்டே போனேன்.

ஒரு மாணவி மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். கோடும் இல்லை, கட்டமும் இல்லை. "நாவலில் அய்யாவும் மகனும் காட்டில் அடுப்பு மூட்டிச் சோறாக்கித் தின்கிறார்கள். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையைத் திட்டுவதைவிட, அவன் வயிறு நிறைந்ததா என்றுதான் அய்யா பார்க்கிறார். படத்தில் அவர்கள் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. ஓடியதுதான் நினைவிருக்கிறது." ஒப்பீடு போதாது என்று ஓரத்தில் எழுதி நான்கு போட்டேன்.

தாளைக் கொடுத்த அன்று அவள் மேசைக்கு வந்தாள். "எதை விட்டுட்டேன்னு சொல்லுங்கம்மா, அடுத்த தடவை எழுதிடறேன்" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று ராத்திரி நாவலை மறுபடி எடுத்தேன். வடக்கூரானின் வலது கையை வெட்டுவதுதான் சிதம்பரத்தின் எண்ணம், உயிரை எடுப்பது அல்ல. அண்ணனைக் கொன்றவனை வெட்டப் போன சிறுவன் கொலைகாரனாகிவிடுகிறான். இவ்வளவும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் பூமணிக்கு அவசரமே இல்லை. எங்கே படுப்பது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது, எதைச் சுட்டுத் தின்பது என்றே பக்கங்கள் நகர்கின்றன. பயம் மெல்ல மெல்லப் பசியாகவும் தூக்கமாகவும் மாறுகிறது. நாவல் செய்யும் பெரிய வேலையே அதுதான். என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அந்தப் பெண் அதை மட்டும்தான் எழுதியிருந்தாள்.

மறுநாள் மதிப்பெண்ணை ஒன்பதாகத் திருத்தினேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

'அசுரன்' மோசமான படம் என்று நான் சொல்ல வரவில்லை. குடிசைகள் எரியும் காட்சியில், 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டதை நினைக்காமல் இருக்க முடியாது. குனிந்தே நடக்கும் ஓர் அப்பன் ஏன் அப்படி ஆனான் என்பதற்கு அந்த முன்கதை தேவைப்படுகிறது. ஆனால் அது அப்பனின் கதை. நாவலோ பையனின் கதை. யார் தோளை ஒட்டிக் கதை நடக்கிறது என்பது மாறினால் மற்றது எல்லாமே மாறிவிடும். இதைச் சொல்லாமல் வயதையும் பெயரையும் ஒப்பிட்டு என்ன பயன்?

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' இதற்கு நேர் எதிர். 1979-இல் வந்த அந்தப் படத்துக்குப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' வித்து. சுந்தரவடிவேலு என்ற பெயர் அப்படியே இருக்கிறது, ஆள் வேறு. கதையில் இருப்பவர், படத்தில் வரும் கொடுமைக்காரர் அல்ல. ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்க வைக்கும் முடிவும் மகேந்திரனுடையது. அட்டவணை போட்டால் படம் தோற்றுவிடும். ஆனால் தாயில்லாத பிள்ளைகளை அவ்வளவு பக்கத்தில் நின்று புதுமைப்பித்தன் பார்த்தாரே, அந்தப் பார்வையை மகேந்திரன் விடவில்லை. என் கணக்கில், அதிகம் மாற்றிய இந்தப் படம்தான் மூலத்துக்கு அதிகம் நெருங்கியது.

அடுத்த வருடம் கேள்வியை மாற்றினேன். நாவலில் உங்களால் விட முடியாத இடம் எது, படத்தில் அது என்ன ஆயிற்று? இப்போது விடைகள் ஒன்றுபோல இருப்பதில்லை. திருத்த முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது.

போன பருவத்தில் ஒரு மாணவன், 'வெக்கை'யில் அந்தச் சோறுதான் தன்னால் விட முடியாத இடம் என்று எழுதியிருந்தான். படத்தில் அது காணோம் என்பான் என்று நினைத்தபடி அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கடைசிக் காட்சியை எடுத்திருந்தான். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது என்று சிவசாமி மகனிடம் சொல்வாரே, அந்த இடம். "நாவலில் அய்யா சோறு போடுகிறார். படத்தில் அதற்குப் பதிலாகத்தான் இதைச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தான்.

எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. சோறும் அறிவுரையும் ஒன்றாகுமா? ஒன்பது போட்டுவிட்டு, வகுப்பில் அந்தப் பக்கத்தை அவனையே படிக்கச் சொன்னேன். மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.