மேற்குச் சுவருக்கு ஓர் உள்சட்டை

பள்ளத்தூரில் எங்கள் பெரிய வீட்டு இரண்டாங்கட்டில், சித்திரை மாத நடுப்பகலில்கூட வெறுந்தரையில் தலையைச் சாய்த்தால் தூக்கம் வந்துவிடும். ஐயா காலத்து வீடு, இப்போது பங்காளிகள் எல்லோருக்கும் பொது. அதன் பின்பக்கத்து மனையில் 1998இல் அப்பச்சி கட்டிய வீட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம். மாடி அறையில் இரவு ஒன்பது மணிக்கு மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்தால் இட்லிக் கொப்பரையில் சாய்ந்த மாதிரி இருக்கும்.

இரவில் ஏன் சுடுகிறது என்பது எனக்கு வெகு நாள் புரியவில்லை. ஒன்பது அங்குலச் செங்கலைத் தாண்டி வெயிலின் சூடு உள்ளே வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். பிற்பகல் மூன்று மணிச் சூடு நாம் பாயை விரிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடும். பெரிய வீட்டுச் சுவர் இரண்டடிக் கனம், தாழ்வாரம் வேறு வெயிலை அண்டவிடாது, வளவு என்கிற திறந்த முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுதான் குளிர்ச்சிக்குக் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். பூச்சு கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பது உண்மைதான், ஆனால் வேலை செய்வது சுவரின் கனமும் நிழலும் என்பது என் கட்சி.

மொட்டை மாடியில் சுர்க்கி (செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த காரை) போட்டுத் தட்டோடு பதிக்கும் வேலையை நாலு வருடம் முன்பே முடித்துவிட்டேன். யாராவது கேட்டால் முதலில் அதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். தளத்தை விட்டுவிட்டுச் சுவருக்குச் செலவு செய்வது வீண். எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு சுவர்தான்.

காணொளிகளில் வெளிநாட்டுக்காரர்கள் சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு, குழாய் வழியாகப் பஞ்சு மாதிரி ஒன்றை உள்ளே ஊதி அடைக்கிறார்கள். ஆசையாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: அது மரச்சட்டம் அடித்து இருபுறமும் பலகை போட்ட சுவர், உள்ளே பொள்ளல். நம்முடையது முழுச் செங்கல். ஊத இடமே கிடையாது.

ஆக, சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகையைச் சுவரின் வெளியே ஒட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே. வெளியே ஒட்டுவதுதான் உத்தமம். செங்கல் முழுக்க நிழலில் இருக்கிற மாதிரி ஆகிவிடும். ஆனால் எங்கள் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பங்காளி மனை. இடைவெளி இரண்டடி, சாரம் கட்ட வழியில்லை. சுவர் எல்லையை நோக்கி இரண்டு அங்குலம் நகர்ந்தால் என்ன பேச்சு கிளம்பும் என்பது செட்டிநாட்டில் எல்லோருக்கும் தெரியும். உள்ளேயே செய்வது என்று முடிவானது.

பலகை ஒட்டும் முன் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் எங்கள் மேஸ்திரி. ஒரு முழம் சதுரத்துக்கு பாலிதீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டு மூன்று இடங்களில் ஒட்டினோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சன்னலுக்கு மேலே ஒட்டிய தாளில் மட்டும் உள்பக்கம் முத்து முத்தாக நீர். சன்ஷேட் சுவரோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல். அப்படியே மூடியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பொரிந்திருக்கும். விரிசலை அடைத்து, கயிற்றுத் தொட்டிலில் ஆளை இறக்கி வெளிப்பக்கம் வர்ணம் அடித்து, சுவர் காய தை, மாசி இரண்டு மாதமும் சும்மா விட்டேன். மொத்த வேலையில் அதிக நாள் பிடித்தது இந்தக் காத்திருப்புத்தான்.

சுவர் பதினாலுக்குப் பத்தடி. சன்னல் போகச் சுமார் நூற்று இருபத்தைந்து சதுர அடி. தெர்மகோலை விடக் கெட்டியான, நீர் குடிக்காத எக்ஸ்பிஎஸ் பலகை, இரண்டு அங்குலக் கனத்தில், நாலுக்கு இரண்டடி அளவில் பதினெட்டு மதுரையிலிருந்து வந்தன. இரண்டு அங்குலம் என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஒன்பது அங்குலச் செங்கலைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு சூட்டை அது தடுக்கும்.

முதல் நாளே ஒரு கூத்து. ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு வந்த தம்பி, பிளைவுட்டுக்குத் தடவுகிற மஞ்சள் ரப்பர் பசையைப் பலகையின் பின்னால் தாராளமாகப் பூசினார். நான் டீ வாங்கிக்கொண்டு மேலே வருவதற்குள் பலகையில் பள்ளம் பள்ளமாகக் குழி விழுந்து, ஓரம் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் இந்த நுரையைத் தின்றுவிடும். இரண்டு பலகை குப்பைக்குப் போயின. “சரக்கு சரியில்லண்ணே” என்றார் தம்பி. சரக்கில் ஒன்றுமில்லை. அப்புறம் பலகையின் வழவழப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, டைல்ஸ் ஒட்டும் சிமெண்ட் பசையால் ஒட்டி, குடைபோலத் தலை விரிந்த பிளாஸ்டிக் ஆணிகளை அடித்தோம். சந்துகளை பியூ ஃபோம் என்கிற, பீய்ச்சினால் உப்பி இறுகும் நுரையால் அடைத்தோம்.

பலகைக்கு மேலேதான் இரும்புச் சேனல். சேனலைச் சுவரில் அடித்து இடையிடையே பலகையைச் செருகினால் வேலை சுலபம்தான், ஆனால் ஒவ்வொரு சேனல் வழியாகவும் சூடு உள்ளே வந்துவிடும். அதன்மேல் அரை அங்குல ஜிப்சம் போர்டு. இது அழகுக்கு மட்டும் இல்லை. நுரை தீப்பிடித்தால் நச்சுப் புகை கக்கும், திறந்தபடி விடவே கூடாது.

எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் முழுக்க வேலை இருந்தது. சுவிட்ச் பாக்ஸ் இரண்டையும் மூன்றேகால் அங்குலம் முன்னால் இழுக்க வேண்டும். வயரை நுரையில் படவிடாமல் பைப்புக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். பட்டால் வயரின் மேலுறை நாளடைவில் மொறுமொறுவென்று ஆகிவிடும்.

போர்டுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் தாளும் விரித்துவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். வேண்டாம் என்றேன். குளிர்ந்த தண்ணீர்ச் செம்புக்கு வெளியேதானே வேர்க்கிறது? ஏசி போட்ட அறைக்கும் அப்படித்தான், ஈரம் சூடான வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வரப் பார்க்கும். குளிர்ந்த பக்கத்தில் தாளை விரித்தால் வரும் ஈரம் அங்கே மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் வால்பேப்பரும் வேண்டாம் என்றேன். பட்டி பார்த்துச் சாதாரண வர்ணம் அடித்ததோடு சரி.

எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. போன கத்திரியில் இரவு ஒன்பது மணிக்குச் சுவர் 38 டிகிரி காட்டியது. இந்தக் கத்திரியில் அதே நேரம், அதே கருவியில் 33. ஏசி போட்டால் அறை சீக்கிரம் குளிர்கிறது. ஆனால் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும் செங்கல் பலகைக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால், கதவைத் திறந்துவிட்டால் அதே வேகத்தில் சூடேறுகிறது. இப்போது அடங்காமல் இருப்பது சன்னல்தான். நாலு மணிக்கு மேல் வெயில் கட்டில்வரை வருகிறது. வெட்டிவேர்த் தட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வர்ணம் காய்ந்த மறுநாள் ஆத்தா நாட்காட்டி மாட்ட ஆணியும் சுத்தியலுமாக மாடிக்கு வந்தது. ஒரே தட்டு, ஆணி முழுக்க உள்ளே போய்விட்டது. “என்னப்பா, சுவரு வெண்ணெயா இருக்கு?” என்றது. கடிகாரத்துக்கும் சாமி படத்துக்கும் போர்டுக்குப் பின்னால் மரச்சட்டம் வைக்கச் சொல்லியிருந்தேன், நாட்காட்டியை மறந்துவிட்டேன். ஓட்டையில் பட்டி அடைத்தாயிற்று. நாட்காட்டி கிழக்குச் சுவரில் தொங்குகிறது.